ஹெம்பெல் மூன்று முறை சொன்ன பேர்

கெம்னிட்ஸ்,
1851 அக்டோபர், அறுவடைத் திருநாளுக்கு அடுத்த வாரம்.

அன்பு மகன் தியோபால்டுக்கு,

உன் தகப்பன் கோட்லோப் நெஸ்ட்லர் நெற்றி வியர்க்க எழுதுவது. கர்த்தர் கிருபையால் நானும் உன் அம்மாவும் சுகம். சூரிச்சில் நீயும் சுகமாக இருந்து, மலைக்காற்றுக்குக் கழுத்தில் கம்பளி சுற்றிக்கொள்வாய் என்று நம்புகிறோம். கம்பளி விஷயத்தை எழுதச் சொன்னது அம்மா. மற்றதெல்லாம் என் சொந்தச் சரக்கு. கொதிகலன் படம் போடு என்றால் கண்ணை மூடிக்கொண்டு போடுவேன். ஒரு பக்கம் கடிதம் எழுது என்றால் எழுத்தெல்லாம் சந்தைக்குப் போகும் வாத்துக்கூட்டம் மாதிரி ஆளுக்கொரு பக்கம் போகிறது. பொறுத்துக்கொள்.

வழியில் இதைப் பிரித்துப் படிக்கப்போகும் போலீஸ் ஐயாவுக்கும் என் வணக்கம். இதில் ரகசியம் ஏதுமில்லை ஐயா, எல்லாம் பட்டப்பகலில் ஊர் பார்க்க நடந்ததுதான். படித்தபின் பசையைக் கொஞ்சம் தாராளமாகத் தடவவும். போன கடிதம் சூரிச் போய்ச் சேர்ந்தபோது வாயைப் பிளந்துகொண்டிருந்ததாம்.

முக்கியமான செய்தியை முதலில் சொல்லிவிடுகிறேன். பஞ்சாலை ஹெம்பெலைப் பழிவாங்கிவிட்டேன். முழுசாக இல்லை. அதை உன் அம்மா எப்படிக் கெடுத்தாள் என்பது பின்னால் வரும்.

அந்த ஆள்மேல் எனக்கு என்ன கோபம் என்பது நீ நூறு தடவை கேட்ட கதை. போலீஸ் ஐயாவுக்காக நூற்றொன்றாவது தடவை கேள். நான் மலையிலிருந்து ஆணி செய்கிறவன் மகனாக, முதுகில் ஒரு மூட்டையோடு இந்த ஊருக்குள் நுழைந்தபோது வேலை கொடுத்தவர் ஹெம்பெல்தான். அவருடைய நூற்பு இயந்திரங்களைப் பழுதுபார்த்தேன். ஒரு உருளையை மாற்றிப் போட்டால் நூல் அறாது என்று நான் சொன்னபோது, ஆலை முழுக்கக் கேட்கிற மாதிரி, "ஆணி அடிக்கிற பய ஆணியோட நிறுத்திக்க" என்றார். நான் வெளியே வந்து கொட்டகை போட்டேன். அதே உருளையை அவருடைய போட்டிக்காரர்கள் எல்லாருக்கும் செய்துகொடுத்தேன். பிறகு, ஓடிக் களைத்த இங்கிலாந்து ரயில் எஞ்சின் ஒன்றைப் பழுதுபார்க்கக் கூப்பிட்டார்கள். பிரித்துப் பார்த்தேன். உள்ளே தேவரகசியம் ஒன்றுமில்லை, நல்ல இரும்பும் பொறுமையும்தான் இருந்தது. நானும் ஒன்று செய்தேன். அது முதல் நாளே எல்லா மூட்டிலும் ஒழுகியது. ஹெம்பெல் அதற்கு 'நெஸ்ட்லரின் காப்பிக் கெண்டி' என்று பேர் வைத்தார். ஊரே அப்படிக் கூப்பிட்டது. நானும் சிரித்தேன். ஒழுகியது உண்மைதானே. அதையெல்லாம் மன்னித்துவிட்டேன் என்றுகூடச் சொல்வேன்.

மன்னிக்காதது, ஆலை வாசலை ஒட்டிய அவர் வீட்டின் அந்த மாடி ஜன்னல். நாற்பத்தொன்பதாம் வருஷம் மே மாதம் டிரெஸ்டனில் அரசருக்கு எதிராகக் கலவரம் மூண்டு, நம் ஊர்ப் பையன்கள் உதவிக்குப் புறப்பட்டபோது, நீ தம்பட்டத்தை மாட்டிக்கொண்டு முன்னால் நடந்தாய். முழுத் தெருவும் பார்த்தது. பிறகு அதிகாரிகள் வந்து விசாரித்தபோது, முழுத் தெருவுக்கும் அன்றைக்குக் கண்வலி. ஹெம்பெலுக்கு மட்டும் கண் நன்றாகத் தெரிந்தது. "நெஸ்ட்லர் மகன் தியோபால்ட். இந்த ஜன்னல்லேருந்து பாத்தேன், கையில துப்பாக்கி" என்றார். தம்பட்டக் கோல் துப்பாக்கியாகிவிட்டது. நீ அதற்குள் மலை தாண்டிவிட்டாய். உன் பேரைச் சுவரில் ஒட்டினார்கள். உன் அம்மா அந்தத் தெரு வழியாகச் சந்தைக்குப் போவதை நிறுத்தினாள். நான் போவதை நிறுத்தவில்லை. தினமும் போய் அந்த ஜன்னலை ஒரு பார்வை பார்த்துவிட்டு வருவேன். குளித்தல், ஜெபம், ஜன்னல்.

இந்தக் கோடையில் புது எஞ்சின் முடிந்தது. இது ஒழுகவில்லை. இலையுதிர்கால மிக்கேல் சந்தை நேரத்தில் லைப்ஸிக்கில் ரயில் கம்பெனிக்காரர்கள் சோதனை ஓட்டம் வைத்தார்கள். ஒரு இங்கிலாந்து எஞ்சின், நம்முடையது ஒன்று. ஜெயித்தால் தொடர்ந்து நம்மிடம் வாங்குவார்கள். தோற்றாலோ, அன்றைக்குப் போய்ச் சேரவில்லை என்றாலோ, பட்டறையில் உலையை அணைத்துவிட்டு நான் மலைக்குத் திரும்பி ஆணி அடிக்க வேண்டியதுதான், ஹெம்பெல் சொன்ன மாதிரியே. நம் ஊருக்கு இன்னும் தண்டவாளம் வரவில்லையே. எஞ்சினைக் கனத்த வண்டியில் ஏற்றிக் குதிரைகளைப் பூட்டித்தான் இழுத்துப்போக வேண்டும்.

ஆற்றோரச் சாலை சமதரை. குழந்தைகூட அந்த வழியைத்தான் சொல்லும். நான் மேட்டுத்தெரு வழி என்றேன். அந்த ஜன்னல் அங்கேதானே இருக்கிறது. இன்னொன்றும் செய்தேன். கொதிகலனில் தண்ணீர் விட்டுத் தீ மூட்டச் சொன்னேன். மேஸ்திரி ஊலிக் கையிலிருந்த திருகுச்சாவியைக் கீழே வைத்துவிட்டு, "மொதலாளி, வண்டியில ஏறிப் போற எஞ்சினுக்கு எதுக்கு நெருப்பு? பல்லக்குல போற பொண்ணுக்குச் செருப்பு மாட்டுற மாதிரி இருக்கு" என்றான். ஊத வேண்டும், அந்த ஜன்னலுக்குக் கீழே நின்று ஒருமுறை ஊத வேண்டும் என்றேன். "ஊதிட்டா?" என்றான். ஹெம்பெல் எட்டிப் பார்ப்பார், அப்போது ஊர் நடுவில் அவரை எஞ்சினுக்கு ஞானத்தகப்பனாக நிற்கக் கூப்பிடுவேன் என்றேன்.

ஊலிக் சற்று யோசித்தான். நம் ஊரில் ஞானஸ்நானத்துக்கு ஞானத்தகப்பனாக நிற்கக் கூப்பிட்டு மாட்டேன் என்றவன் உண்டா? பரம விரோதி கூப்பிட்டாலும் தொப்பியைக் கழற்றிவிட்டு வர வேண்டும். மறுத்தவன் வீட்டு வாசற்படியை அப்புறம் நாய்கூட மிதிக்காது. பிள்ளையின் பேரை முன்கூட்டிக் கேட்பதும் முறை இல்லை. தகப்பன் காதில் சொல்வதை ஞானத்தகப்பன் உரக்கச் சொல்ல வேண்டும், அவ்வளவுதான். ஊலிக் கடைசியில், "பேரு என்ன மொதலாளி?" என்று கேட்டான். சொன்னேன். அவன் திருகுச்சாவியை எடுத்துக்கொண்டு போய்த் தானே தீ மூட்டினான்.

இனி நடந்ததற்கு என்னைத் தவிர யாரையும் குற்றம் சொல்லாதே. தேவதாரு மாலை சுற்றி, முன்னால் பட்டறை ஆட்கள் பாடிக்கொண்டு போக, காவல்காரர் ஒருவர் கூடவே வர, ஜன்னலுக்குக் கீழே வண்டியை நிறுத்தினோம். நான் ஊதல் கம்பியைப் பிடித்து இழுத்தேன். இரண்டரை வருஷத்துக் கோபத்தை எல்லாம் சேர்த்து இழுத்தேன். எல்லாம் யோசித்த உன் அறிவாளித் தகப்பன் ஒன்றை மட்டும் யோசிக்கவில்லை. மதுபான ஆலையில் பீப்பாய் இழுக்கிற குதிரைகள் நீராவி ஊதலை எங்கே கேட்டிருக்கும்? பாய்ந்தன. வண்டி ஒருக்களித்து ஹெம்பெலின் ஆலை வாசலுக்குள் திரும்பியது. அங்கே தரைக்குக் கீழே அவருடைய நிலவறை. கல் மூடி நொறுங்கிப் பின்சக்கரம் உள்ளே இறங்கி, புளிக்க வைத்த முட்டைக்கோஸ் பீப்பாய்களுக்கு நடுவில் போய் உட்கார்ந்துகொண்டது. தெருவெங்கும் புளிப்பு வாசனை. யாருக்கும் அடி இல்லை. குதிரைக்காரர் டீட்ஸே வார்களை அறுத்துவிட்டதால் குதிரைகளும் தப்பின. அவை நேராக மதுபான ஆலைத் தொட்டிக்குப் போய் நின்றனவாம். அந்தத் தெருவில் அன்றைக்குப் புத்தியுள்ள ஜீவன்கள் அவை மட்டும்தான்.

ஹெம்பெல் ஜன்னலைத் திறந்து பார்த்தார். நெடுநேரம் சிரித்தார். "என்னய்யா நெஸ்ட்லர், காப்பிக் கெண்டிய என் வீட்டு வாசல்லயா எறக்கி வெக்கணும்? காப்பி போட்டுட்டீன்னா ஒரு கோப்பை மேல அனுப்பு" என்றார். கூட்டமும் சிரித்தது. எனக்குக் காது சிவந்தது. ஞானத்தகப்பன் பேச்சை எடுக்க வாயே வரவில்லை.

ஆனால் தியோ, மறுநாள் விடிந்ததும் ஒன்று தெரிந்தது. எஞ்சின் அடைத்துக்கொண்டிருந்தது ஆலையின் ஒரே வாசலை. உள்ளே நூல் மூட்டைகள். அதுவும் மிக்கேல் சந்தைக்கு லைப்ஸிக் போக வேண்டிய சரக்கு. வெளியே பஞ்சு வண்டிகள் வரிசையாக நின்றன. ஹெம்பெலின் முழு வருஷ வியாபாரமும் என் எஞ்சினுக்குப் பின்னால் மாட்டிக்கொண்டிருந்தது. நான் திட்டம் போட்டிருந்தால்கூட இவ்வளவு அழகாக வந்திருக்காது.

ஊலிக் தூக்குத்திருகுகளைக் கொண்டுவந்து, "சாயங்காலத்துக்குள்ள தூக்கிடலாம்" என்றான். மெதுவாகப் பார்த்துக்கொள்ளலாம் என்றேன். எஞ்சின் அடுப்பின் கதவைத் திறந்து, இருந்த கனலில் நிஜமாகவே காப்பி போட்டேன். ஓட்டுநர் நிற்கும் இடத்தில் உட்கார்ந்து, ஜன்னலைப் பார்த்துக் கோப்பையைத் தூக்கிக் காட்டினேன். அன்று முழுவதும் அப்படியே இருந்தேன். இவ்வளவு ருசியான காப்பியை நான் குடித்ததே இல்லை. ஹெம்பெல் ஜன்னலுக்கு வருவதும் போவதுமாக இருந்தார். கடைசியில் திரையை இழுத்துவிட்டார்.

சாயங்காலம் ஊலிக் என் பக்கத்தில் ஏறி உட்கார்ந்தான். அவன் கோபப்பட்டு நீ பார்த்திருக்க மாட்டாய். "மொதலாளி, லைப்ஸிக்ல எஞ்சினைத்தான் ஓட்டிக் காட்டணும். உங்க பிடிவாதத்த இல்ல. நாளைக்குப் பொறப்படலைன்னா இங்கிலாந்துக்காரன் தனியா ஓடி ஜெயிச்சுடுவான். பட்டறைய நம்பி எத்தன வீட்டுல அடுப்பு எரியுதுன்னு நெனச்சுப் பாருங்க" என்றான். அவன் சொன்னது சரி. ஆனால் அந்தத் திரைக்குப் பின்னால் ஒரு மனுஷன் நகத்தைக் கடித்துக்கொண்டிருந்தானே. அதை விட்டு இறங்க மனம் வரவில்லை. பட்டறையா பழியா என்று யாராவது அந்த நிமிஷம் கேட்டிருந்தால் நான் என்ன சொல்லியிருப்பேன் என்பதை இங்கே எழுத மாட்டேன். உன் அம்மா இந்தக் கடிதத்தைப் படிப்பாள்.

நல்லவேளை, ஹெம்பெல் என்னைவிட முன்னால் உடைந்தார். மறுநாள் காலை இறங்கி வந்தார். கூட்டம் விலகி வழிவிட்டது. "என்கிட்ட சுமை தூக்குற ராட்டினம் இருக்கு, ஆலை ஆளுங்க அத்தன பேரும் வடம் பிடிப்பாங்க. எடுத்துட்டுப் போய்யா" என்றார். நான் இறங்கி, தொப்பியைக் கழற்றி, எஞ்சினுக்கு இன்னும் பேர் வைக்கவில்லை, ஞானத்தகப்பனாக நின்று தர வேண்டும் என்று முறைப்படி கேட்டேன். அவர் முகம் மலர்ந்ததைப் பார்க்க வேண்டுமே. "இவ்வளவுதானா?" என்று சொல்லி, கறுப்புக் கோட்டையும் அரசர் கொடுத்த பதக்கத்தையும் கொண்டுவரச் சொன்னார். அரசர் பேர்தான் வைக்கப்போகிறோம் என்று நினைத்திருப்பார். வழிநெடுக எங்களோடு வந்த காவல்காரரும் பொத்தானைச் சரிசெய்துகொண்டார்.

நான் அவர் காதருகே குனிந்து உன் பேரைச் சொன்னேன்.

அவர் கழுத்து பதக்கத்தின் பட்டு நாடாவைவிடச் சிவந்தது. "நெஸ்ட்லர், இது நியாயமில்ல" என்றார், எனக்கு மட்டும் கேட்கும்படி. உங்களுக்குப் பழக்கமான பேர்தானே, ஒரு தடவை சொல்லியிருக்கிறீர்கள், இரண்டாவது தடவை சுலபமாக வரும் என்றேன். அவர் காவல்காரரைத் திரும்பிப் பார்த்தார். காவல்காரர் வானத்தைப் பார்த்து, "எஞ்சினுக்குப் பேர் வெக்கறதுல சட்டம் தலையிடாதுங்க" என்றார். அந்த மனுஷன் வீட்டுக்கு ஒரு வாத்து அனுப்பியிருக்கிறேன். போலீஸ் ஐயா, இதை லஞ்சம் என்று எழுத வேண்டாம், மெலிந்த வாத்துதான்.

ஹெம்பெல் சக்கரத்தின்மேல் கையை வைத்து வாய்க்குள் என்னவோ முனகினார். டீட்ஸே பின்னாலிருந்து, "ஐயா, குதிரைக்கே கேக்கல" என்றார். ஹெம்பெல் இன்னொரு முறை சொன்னார். "கடைசி வரிசை இன்னும் தூங்குதுங்க" என்றாள் ஆலையில் நூல் சுற்றுகிற பெண் ஒருத்தி, அவருடைய சொந்த ஆலையில் வேலை செய்கிறவள். மூன்றாவது முறை கத்தினார். "தியோபால்ட்." குரல் நடுவில் உடைந்தது. அந்த ஜன்னலுக்கு நேர் கீழே, நீ தம்பட்டம் அடித்துப் போன அதே கல்மேல் நின்று கத்தினார். யாரும் ஆரவாரம் செய்யவில்லை. தெருவில் இருந்த அத்தனை தொப்பிகளும் கழன்றன. எஞ்சினுக்காகக் கழன்றவை அல்ல அவை, எனக்குத் தெரியும்.

இனித்ததா என்று கேட்பாய். இனித்தது மகனே. பொய் சொல்ல மாட்டேன். இன்றைக்கு நினைத்தாலும் நாக்கில் இனிக்கிறது.

அப்போதுதான் உன் அம்மா வந்தாள். இரண்டரை வருஷமாக அந்தத் தெருவில் கால் வைக்காதவள், கூட்டத்தில் எங்கே நின்றாளோ, நேராக வந்து ஹெம்பெலின் கையைப் பிடித்துக்கொண்டாள். அறையத்தான் போகிறாள் என்று நான் சந்தோஷமாக ஒதுங்கி இடம்விட்டேன். அவளோ, "ஞானத்தகப்பனாரே" என்றாள். "பெத்தவனால ஆகலைன்னா பிள்ளைய வீடு சேக்கறது ஞானத்தகப்பன் கடமை. அது நம்ம முறை. இந்தத் தியோபால்ட லைப்ஸிக்ல சேக்க ஆள் தர்றீங்க, ரொம்ப சந்தோஷம். இன்னொருத்தன் இருக்கானே, அவன வீட்டுல சேக்க எப்பப் பொறப்படுறீங்க?" என்றாள். குரலை உயர்த்தவே இல்லை. ஆனால் கடைசி வரிசை வரைக்கும் கேட்டது. ஹெம்பெல் கூட்டத்தை ஒருமுறை சுற்றிப் பார்த்தார். பிறகு, "சந்தை முடிஞ்சதும் டிரெஸ்டன் போறேம்மா" என்றார்.

நான் ஊதி ஊதி வளர்த்த நெருப்பில் உன் அம்மா ரொட்டி சுட்டுக்கொண்டு போய்விட்டாள். எனக்கு ஆத்திரம். அவர் தலைகுனிந்து வீட்டுக்குள் போவதைப் பார்க்கத்தானே இவ்வளவு பாடு? இப்போது நல்ல மனுஷனாகத் தலைநிமிர்ந்து வடம் பிடித்துக்கொண்டு நிற்கிறார். லைப்ஸிக் கிளம்பும்வரை அவளோடு நான் பேசவில்லை. அவள் அதைக் கவனித்ததாகவும் தெரியவில்லை.

எஞ்சின் மத்தியானத்துக்குள் ஏறிவிட்டது. ஆற்றோரச் சாலை வழியாக, ஊதாமல், லைப்ஸிக் போய்ச் சேர்ந்தோம். சோதனை ஓட்டத்தில் மேடு ஏறும்போது இங்கிலாந்து எஞ்சினுக்கு மூச்சு வாங்கியது. நம்முடையதற்கு ஒரு மூட்டில் ஒழுகப் பார்த்தது. ஊலிக் என் கழுத்துத் துணியைக் கேட்காமலே உருவி அதைச் சுற்றிக் கட்டினான். ஜெயித்தோம். இனி வருகிற எஞ்சின்களும் நம்மிடம்தான். ஹெம்பெல் சந்தை முடித்து டிரெஸ்டன் ரயில் ஏறப்போனபோது முன்னால் பூட்டியிருந்தது நம் எஞ்சின். பித்தளைத் தகட்டில் அந்தப் பேரைப் படித்துவிட்டு, பெட்டியில் ஏறி உட்கார்ந்தாராம். வழியில் எத்தனை நிலையமோ, அத்தனை நிலையத்திலும் பிள்ளைகள் அந்தப் பேரை உரக்கப் படித்திருக்கும். என் பழியின் மிச்சம் அது. அதை யாராலும் கெடுக்க முடியவில்லை.

டிரெஸ்டனில் அவர், கையில் இருந்தது துப்பாக்கி அல்ல, தம்பட்டக் கோல்தான் என்று சொல்லிவிட்டு வந்திருக்கிறார். அதிகாரிகள் ஒரு தாளைக் கொடுத்தனுப்பினார்கள். இதோடு வைத்திருக்கிறேன். 'செய்த பிழைக்கு வருந்துகிறேன்' என்று நீ கையெழுத்துப் போட்டால் திரும்பி வரலாமாம். இதைப் படித்ததும் உன் தாடை இறுகும். எனக்கும் இறுகியது, அந்தத் தாடை என்னுடையதுதானே. கையெழுத்துப் போடு என்று நான் சொல்ல மாட்டேன். சொல்ல எனக்கு வாய் இல்லை. ஹெம்பெலிடம் ஒரு வார்த்தை வருந்துகிறேன் என்று சொல்வதற்குப் பதில் என் பட்டறையையே காவு கொடுக்கப் பார்த்தவன் நான்.

ஒன்றை மட்டும் சொல்கிறேன். அடுத்த வருஷம் தண்டவாளம் நம் ஊர் வரைக்கும் வருகிறது. முதல் வண்டியை இழுத்துவர அந்த எஞ்சினைத்தான் கேட்டிருக்கிறோம். அன்றைக்கு ஊரே நிலையத்தில் நின்று அந்தப் பேரைச் சொல்லிக் கூப்பிடும். உன் அம்மாவும் நிற்பாள். அத்தனை பேர் கூப்பிட்டு வெறும் இரும்பு மட்டும் வந்து நின்றால் அவள் முகத்தை நான் எந்தப் பக்கம் திருப்புவேன்?

ஹெம்பெலை மன்னித்தால்தான் வரலாம் என்று நினைக்காதே. அப்படி ஒரு நிபந்தனை இந்த வீட்டில் இல்லை. அவர் இப்போது தெருவில் என்னைப் பார்த்தால் தொப்பியைத் தொடுகிறார். எனக்கு அதுவும் பொறுக்கவில்லை. சூரிச்சில் இருந்துகொண்டு ஒருவனை வெறுப்பது வீண் வேலை. பக்கத்தில் இருந்து செய்தால்தான் ஒழுங்காக நடக்கும். எனக்கும் வயதாகிறது. இந்தப் பழி ஒற்றை ஆள் சுமக்கிற கனம் இல்லை. வந்து ஒரு பக்கம் பிடி.

கர்த்தர் உன் போக்கையும் வரத்தையும் காப்பாராக, முக்கியமாக வரத்தை.

என்றும் உன் தகப்பன்,
கோட்லோப் நெஸ்ட்லர்

பின்குறிப்பு: தாளில் கையெழுத்துப் போட வேண்டிய இடத்தில் பென்சிலால் சின்னக் கோடு ஒன்று இருக்கும். அதை நான் போடவில்லை. அம்மா போட்டது. நான் அழித்துப் பார்த்தேன், சரியாக அழியவில்லை. ரொம்பவும் அழுத்தி நான் அழிக்கவும் இல்லை.